ஈரத் தானியத்தை மேலே வை

போன மாசியில் மைனாவை விற்றேன். பதினோரு வயதுப் பெட்டைக் குதிரை. செவலை நிறம், நெற்றியில் மட்டும் விரல்கடை அகலத்துக்கு ஒரு வெள்ளை. மூன்று வயதில் வந்தது. எட்டு வருடம் தேவிபட்டினம் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் புங்க மரத்தடியில் நின்றது. மகள் அதன் முதுகில்தான் சவாரி பழகினாள். அவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். எனக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆனபின் குதிரை ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏறி ஓட்ட ஆளில்லாத குதிரையைக் கட்டிப்போட்டுத் தீனி போடுவது குதிரைக்கும் நல்லதில்லை. விற்பது என்று முடிவானது.

விளம்பரத்தை எழுதி முடித்து, வாட்ஸ்ஆப்பில் போடுவதற்கு முன்னால் தங்கை மகனிடம் காட்டினேன். அவன் ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தான்.

"மாமா, அந்த மூணாவது வரியை மட்டும் எடுத்திருங்க. அதைப் படிச்சா ஒருத்தனும் போன் பண்ண மாட்டான்."

அவன் சொன்ன வரி இதுதான்: "இடது முன்னங்காலில் பழைய வலி உண்டு, மணலில் தெரியாது, தார் ரோட்டில் ஓடவிட்டால் தெரியும்."

அந்த வரியை நான் எடுக்கவில்லை. அதற்குப் பின்னால் ஒரு பழைய கடன் இருக்கிறது.

ராவுத்தர் என்ற சொல்லுக்கே குதிரைவீரன் என்றுதான் பொருள். எங்கள் பெயரிலேயே குதிரை இருக்கிறது. அத்தா, அதாவது என் அப்பா, ராமேஸ்வரத்தில் ஜட்கா ஓட்டினார். ரயிலில் வந்து இறங்கும் யாத்திரீகர்களைக் கோயில் வாசலுக்கும் அக்னி தீர்த்தத்துக்கும் கொண்டுபோய் விடுவதுதான் பிழைப்பு. 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறந்தபின் பஸ்ஸும் காரும் நேராகத் தீவுக்குள் வந்தன, பின்னாலேயே ஆட்டோவும் பெருகியது. அத்தா இன்னும் சில வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியை விறகுக்கும் குதிரையை ஒரு பந்தயக்காரருக்கும் கொடுத்தார். பந்தயக்காரர் வந்து நின்றதும் அத்தா முதலில் செய்த காரியம், குதிரையின் வலது பின்னங்காலைத் தூக்கிக் குளம்பில் இருந்த வெடிப்பைக் காட்டியதுதான். எனக்கு அப்போது விவரம் தெரிந்த வயது. "ஏன்த்தா அவரா பார்க்காததை நீங்க காட்டுறீங்க?" என்று கேட்டேன்.

அன்று இரவு சோறு உண்ணும்போது சொன்னார். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே விரலில் ஈரம் பட்டது. "இது என்ன?" என்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. "அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா? ஏமாற்றுபவன் நம்மைச் சேர்ந்தவன் அல்ல" என்றார்கள். அத்தா பள்ளிக்கூடம் அதிகம் போனவரில்லை. விற்கிற விஷயத்தில் அவருக்குத் தெரிந்த சட்டம் இது ஒன்றுதான். ஈரத் தானியத்தை மேலே வை.

இதைக் கேட்டு வளர்ந்த நான் 2016இல் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் ஒரு கருப்புக் குதிரை வாங்கினேன். எங்கிருந்து, யாரிடம் என்பது வேண்டாம். போனில் ஒரு வீடியோ அனுப்பினார்கள். கடற்கரையில் ஈர மணலில் குதிரை பாய்ந்து வருகிறது, பின்னால் அலை, சாயங்கால வெயில். பார்த்த மாத்திரத்தில் மனம் விழுந்துவிட்டது. வயது ஏழு என்றார்கள். வீட்டுக்கு வந்த அன்று ஆட்டுக்குட்டி மாதிரி நின்றது. இரண்டாம் நாள் கண்ணில் வேறு ஒரு பதற்றம் தெரிந்தது. மூன்றாம் நாள் வலது முன்னங்காலை ஊன்றத் தயங்கியது. வலி மருந்து ஊசி போட்டிருந்தால் ஓரிரு நாள் நொண்டல் வெளியே தெரியாது என்று கால்நடை டாக்டர் சொன்னார். போட்டார்களா இல்லையா என்பதை இனி நிரூபிக்க வழியில்லை.

லாடம் அடிக்க வந்த பெரியவர் வாயைத் திறந்து பார்த்தார். குதிரையின் வாயைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பிறந்த தேதிக் காகிதம் வேண்டாம். இரண்டரை வயதில் நடுவில் இரண்டு நிலைப்பல் முளைக்கும், மூன்றரையில் நாலு, நாலரையில் ஆறு. ஐந்து வயதில் கடை சேர்ந்துவிடும், அதாவது முன்பல் வரிசை ஓரம் வரைக்கும் முழுதாகிவிடும். அதற்கப்புறம் கீழ்வரிசைப் பல்லின் மேல்முகத்தில் இருக்கும் குழி, தேயத் தேய மறையும்: நடுப்பல்லில் ஆறு வயதில், அடுத்ததில் ஏழில், ஓரத்து முன்பல்லான கடைப்பல்லில் எட்டில். பத்து வயதுவாக்கில் மேல் கடைப்பல்லில் ஈறை ஒட்டி ஒரு கோடு தலைகாட்டும். பதினைந்தில் அது பாதிப் பல்லுக்கு இறங்கும், இருபதில் பல் முழுவதும் ஓடும். பெரியவர் உதட்டைத் தூக்கிப் பிடித்து என் விரலை வைத்துத் தடவிக் காட்டினார். பழுப்பேறிய கோடு பாதிப் பல்லில் வந்து நின்றது. ஏழு என்று சொல்லி என்னிடம் விற்ற குதிரை பதினைந்தை ஒட்டியது.

ஏமாந்த ஆத்திரம் ஒரு பக்கம், போட்ட பணம் ஒரு பக்கம். மூன்று மாதம் ஓய்வு கொடுத்தேன், மணலிலேயே நடத்தினேன். நொண்டல் வெளியே தெரியாத ஒரு காலை நேரம் பார்த்து, கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடும் ஒருவருக்கு விற்றேன். அவர் காலைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பொய் ஒன்றும் பேசவில்லையே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஏர்வாடி சந்தனக்கூடு. கூட்டு ஊர்வலத்துக்கு முன்னால் குதிரைகள் போய்க்கொண்டிருந்தன, மேளம் உச்சத்தில் இருந்தது. ஒரு கருப்புக் குதிரை அடிக்கு ஒரு முறை தலையை மேலே தூக்கித் தூக்கி இறக்கியது. சனங்கள் மேளத்துக்கு ஆடுகிறது என்று நினைத்து விசிலடித்தார்கள், பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் அது ஆட்டமில்லை என்று தெரியும். முன்னங்கால் வலிக்கிற குதிரை வலிக்கிற கால் தரையில் படும்போது பாரத்தைக் குறைக்கத் தலையை உயர்த்தும். நல்ல கால் படும்போது தலையை இறக்கும். வலது கால், தலை மேலே. இடது கால், தலை கீழே. வலது கால், தலை மேலே. தெரு முனை வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். விசாரித்தபோது, என்னிடம் வாங்கியவரும் சில மாதத்தில் கைமாற்றிவிட்டார் என்று தெரிந்தது. அவரும் சொல்லாமல்தான் விற்றிருப்பார். அப்புறம் அந்தக் குதிரையை நான் பார்க்கவே இல்லை.

ராமநாதபுரம் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் ஒரு நண்பரிடம் ஒரு நாள் இதைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார். 1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆவது பிரிவு. மோசடி என்றால் என்ன என்று சொல்லும் இடம். அதை விளக்க அந்தக் காலத்தில் அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணமே குதிரை விற்பனைதான்.

நோயுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவன் அதை ஏலத்தில் விற்கிறான், குறையைப் பற்றி வாயே திறக்கவில்லை: இது மோசடி இல்லை என்கிறது சட்டம். வாங்குபவள் அவனுடைய மகள், அப்போதுதான் மேஜர் ஆனவள் என்றால், அந்த உறவின் காரணமாகக் குறையைச் சொல்லியாக வேண்டிய கடமை அவனுக்கு வருகிறது. மூன்றாவது உதாரணம் இன்னும் கூர்மை. வாங்குபவன், "நீ மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்கிறான். விற்பவன் பேசாமல் இருக்கிறான். இங்கே அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

குதிரை வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: அந்த ஒரு வாக்கியத்தை எழுத்தில் அனுப்பிவிட்டு அப்புறம் கிளம்புங்கள். "வேறு குறை எதுவும் நீங்கள் சொல்லாததால், குதிரை கால், கண், மூச்சு, வயிறு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துத்தான் வருகிறேன்." இரண்டு நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லை என்றால் டீசல் செலவாவது மிஞ்சும்.

விற்பவனாக எனக்கு உறைத்தது நடுவிலுள்ள உதாரணம்தான். எனக்கும் மகள் இருக்கிறாள். மகளுக்குச் சொல்ல வேண்டிய குறையை ஊரான் மகனுக்கு ஏன் சொல்லக் கூடாது?

இந்தக் கடற்கரைக்குக் குதிரை வியாபாரம் புதிதில்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியர்களுக்கு அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்தது. தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல்தான் அதற்குப் பெரிய துறை. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதி வைத்திருக்கும் கணக்கின்படி இந்தக் கரைக்கும் குஜராத்தின் காம்பே முதலிய துறைகளுக்கும் சேர்த்து வருடத்துக்கு 10,000 குதிரை, ஒன்றுக்கு 220 செம்பொன் தினார். கப்பலிலேயே செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் கஜானாவிலிருந்து அதே விலை கொடுக்கப்பட்டதாம். அதே காலத்தில் இங்கே வந்த மார்க்கோ போலோ, ராஜா ஒருவரே வருடத்துக்கு 2,000க்கு மேல் வாங்கினார், வருடக் கடைசியில் 100 கூட மிஞ்சவில்லை என்கிறார். வளர்க்கத் தெரியவில்லை, லாடக்காரர் இல்லை. வியாபாரிகள் லாடக்காரரை வரவும் விடவில்லை, குதிரை சாகச் சாகத்தானே அடுத்த கப்பலுக்கு விலை என்பது அவர் சொல்லும் காரணம். வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் குதிரைக்குப் போட்டார்கள் என்றுகூட எழுதியிருக்கிறார்.

செத்தாலும் முழு விலை என்று ஆகிவிட்ட பிறகு, கப்பலில் வரும் குதிரைக்குத் தண்ணீர் காட்ட யாருக்கு அவசரம் இருந்திருக்கும்? கயிறு கைமாறியதோடு என் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கும் விற்பனை எல்லாவற்றிலும் அந்தப் பாண்டியன் காலத்துக் கணக்கு கொஞ்சம் இருக்கிறது. 2016இல் நான் போட்டதும் அதே கணக்கு.

சரி, மைனாவுக்கு வருகிறேன். நான் எழுதிய விளம்பரத்தை அப்படியே தருகிறேன்.

"பெட்டைக் குதிரை விற்பனைக்கு, செவலை, மார்வாரி இனக் கலப்பு, தாய் தகப்பன் காகிதம் எதுவும் கிடையாது. வயது 11, பல் பார்த்துக்கொள்ளலாம். இடது முன்னங்காலில் பழைய வலி உண்டு; மணலில் தெரியாது, தார் ரோட்டில் ஓடவிட்டால் தெரியும். பந்தயத்துக்கும் வண்டிக்கும் ஆகாது. நடைக்கும் மெதுவோட்டத்துக்கும் போதும். சவாரி பழகிய பிள்ளைகள் ஓட்டலாம். புதிதாக ஏறுபவர்களுக்குக் கூட ஒரு ஆள் வேண்டும். போன புரட்டாசியில் மணல் தின்று வயிற்றுவலி வந்தது, டாக்டர் பார்த்துச் சரியானது. பின்தொடையில் ஒரு சுழி இருக்கிறது, படம் வைத்திருக்கிறேன். கடிக்காது. தீனி நேரத்தில் பின்னால் போனால் உதைக்கப் பார்க்கும். தோளில் 57 அங்குலம், குச்சி வைத்து அளந்தது. கிளாண்டர்ஸ் தொற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்தாகிவிட்டது, சீட்டு இருக்கிறது. விலை 72,000, எல்லாருக்கும் ஒரே விலை. தரகு கிடையாது."

நாம் தினமும் பார்க்கும் விளம்பரங்களில் இருக்கும் சொற்கள் இதில் இல்லை. "குழந்தைகூட ஓட்டலாம்" என்று எழுதவில்லை. அதை நம்பி ஒரு குழந்தையை ஏற்றுவார்கள். "விலை நேரில்" என்று எழுதவில்லை. விலை நேரில் என்றால், வருகிற காரையும் கையில் இருக்கும் மோதிரத்தையும் பார்த்து விலை சொல்வேன் என்று பொருள். "அவசர விற்பனை" என்பதும் வேண்டாம்; அவசரம் நமக்கு, அவதி குதிரைக்கு.

படங்களைக் கடற்கரையில் எடுக்கவில்லை. ஈர மணலில் எந்தக் குதிரையும் மிதந்துதான் வரும், குளம்பில் வலி இருந்தாலும் மணல் தாங்கிக்கொள்ளும். வீடியோ எடுப்பவர் குத்துக்காலிட்டுக் கீழிருந்து எடுத்தால் 57 அங்குலம் 62ஆகத் தெரியும். நான் எடுத்தது பள்ளிவாசல் பின்னால் இருக்கும் சிமெண்டுத் தளத்தில், இடுப்புயரத்தில் போனைப் பிடித்து: இரண்டு பக்கவாட்டு, முன், பின், நாலு குளம்பு, திறந்த வாய், சுழி. அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையின் கிளை ரோட்டில் மெதுவோட்டமாகப் போய்த் திரும்பும் ஒரு வீடியோ. தலை லேசாக எழும்பி இறங்குவது அதில் தெரியும். தெரிய வேண்டும் என்றுதான் எடுத்தேன்.

மணல் விஷயத்தை ஏன் இவ்வளவு பெரிதாக எழுதினேன் என்று சிலர் கேட்டார்கள். நம் கடற்கரையில் குதிரை வைத்திருப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான விஷயம் இல்லை. தரையில் போட்ட புல்லைத் தின்னும்போது மணலும் சேர்ந்து உள்ளே போகும். குடலின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து ஒரு நாள் வலியாக வெடிக்கும். படுத்துப் புரண்டு வியர்த்து வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது; வயிற்றுவலி உயிரையே வாங்கிவிடும். பார்க்க ஒரு எளிய வழி உண்டு. அப்போதுதான் போட்ட லத்தியில் தரையில் படாத உள்பக்கமாக இரண்டு கைப்பிடி எடுத்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றி நன்றாகக் கலக்கி வைத்துவிட வேண்டும். கால் மணி நேரத்தில் நார் மேலே மிதக்கும், மணல் அடியில் உட்காரும். புரட்டாசியில் மைனாவின் பாட்டிலில் அரை விரல் கனத்துக்கு உட்கார்ந்தது. அதற்கப்புறம் ரப்பர் விரிப்பின்மேல் தொட்டி வைத்துத்தான் தீனி. வாங்குபவருக்கு இதைச் சொல்லாமல் விட்டிருந்தால், அவர் வழக்கம்போலத் தரையில் புல்லைப் போடுவார். அங்கே சொன்னதற்கும் சொல்லாததற்கும் நடுவில் ஒரு உயிர் இருக்கிறது.

சுழி வேறு விஷயம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ரோமம் சுழித்து வளரும் இடத்தை வைத்து எஜமானின் ஆயுளைச் சொல்ல முடியாது. ஆனாலும் எழுதினேன். நம்புகிறவர் வாங்கிவிட்டு வீட்டில் ஒரு பெரியவர் சொல்லித் தெரிந்துகொண்டால், அதன்பின் அந்தக் குதிரைக்கு அந்த வீட்டில் இடமிருக்காது. வீட்டில் நடக்கும் கெட்டது எல்லாம் அதன் தலையில் விழும். முதலிலேயே தெரிந்து விலகிப் போகிறவர் போகட்டும். சுழிக்காக விலையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. காலுக்குக் குறைத்தேன்.

விலை எப்படிப் போட்டேன் என்று சொல்கிறேன். கேட்கிற விலையைப் பார்க்கவே இல்லை. போனில் சுற்றும் விலை எல்லாம் ஆசை விலை. எனக்கு நேரடியாகத் தெரிந்து கடந்த ஒரு வருடத்தில் கைமாறிய, இதே வயதை ஒட்டிய, கால் சுத்தமான மூன்று பெட்டைகளின் முடிந்த விலையைக் கேட்டு வாங்கினேன். 1,05,000, 98,000, 90,000. முதலாவது அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஆடியில் முடிந்தது. சந்தைச் சூட்டில் கொஞ்சம் ஏறிய விலை. ஆக மைனா கால் நன்றாக இருந்தால் 95,000 பெறும். இனி வண்டிக்கு ஆகாது, பந்தயத்துக்கு ஆகாது, பாதிப் பேர் வாங்கவே மாட்டார்கள் என்பதற்கு 18,000 கழித்தேன். லாடக்காரர் அந்தக் காலுக்கு மட்டும் தனி லாடம் சொல்லியிருந்தார். வாங்குபவருக்கு வருடம் முழுவதும் அந்தச் செலவு வரும், அதற்கு 5,000. மிச்சம் 72,000. இது அறிவியல் இல்லை. ஆனால் யார் கேட்டாலும் உட்கார வைத்து ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம் சொல்ல முடியும்.

எட்டு வருடம் போட்ட கொள்ளையும் தவிட்டையும் அதில் சேர்க்கவில்லை. பலர் சேர்க்கிறார்கள், "இதுக்கு நான் எவ்வளவு செலவழிச்சிருக்கேன் தெரியுமா" என்று. நான் போட்ட தீனிக்கு அது எங்களைச் சுமந்துவிட்டது. அந்தக் கணக்கு எங்களுக்குள் முடிந்தது. பாசத்துக்கும் விலை வைக்கவில்லை. என் மகள் அதன் பிடரியைக் கட்டிக்கொண்டு அழுததற்குக் கமுதியில் இருக்கும் ஒருவர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

அதேபோல, போனால் போகிறது என்று 30,000க்குத் தள்ளிவிடவும் மனமில்லை. விலை மிகவும் இறங்கினால், வாங்கி மறுநாளே ஏற்றி விற்பவர்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள். அவர்கள் கையில் அந்த மூன்றாவது வரி மறைந்துபோகும்.

அப்படியே ஒருவர் வந்தார். தரகர், பழகியவர்தான், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். "ராவுத்தரே, அந்தக் கால் வரியை எடுங்க. ஒரு லட்சத்துக்கு முடிச்சுத் தாரேன். எனக்கு அஞ்சு போதும்" என்றார். வீட்டில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், உண்மைதான், 23,000 கூடக் கிடைக்கும். ஏர்வாடித் தெருவில் பார்த்த அந்தத் தலை கண்ணுக்கு முன்னால் வந்தது. வேண்டாம் என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பினேன்.

தங்கை மகன் சொன்னது பாதி பலித்தது. முதல் பத்து நாள் மூன்றே போன்தான் வந்தது, மூன்றுமே "கடைசி என்ன" என்பதற்காக. பதினோராம் நாள் கமுதிப் பக்கமிருந்து ஒரு பையன் பேசினான். "மாமா, கால் வலின்னு போட்டிருக்கீங்களே, என்ன டாக்டர் பார்த்தாரு, எக்ஸ்ரே எடுத்தீங்களா?" என்றுதான் ஆரம்பித்தான். எடுத்திருந்த படத்தை அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வந்தான். அவன் ஊருக்குப் பக்கத்திலிருந்து ஒரு கால்நடை டாக்டரையும் கூட்டி வந்திருந்தான். அதுதான் முறை. விற்பவருடைய டாக்டர் கொடுத்த சான்றை விற்பவர் மட்டும் நம்பினால் போதும்.

அன்று காலை மைனாவை நான் வெளியே எடுக்கவே இல்லை. முன்கூட்டி நடத்திச் சூடேற்றி வைத்தால் இறுக்கம் தளர்ந்து நொண்டல் குறைந்து தெரியும். வந்தவர்கள் கண்முன்னால்தான் கயிற்றை அவிழ்த்தேன். "முதல்ல காலைத் தொட்டுப் பாருங்க மாப்ள, சூடு இருக்கான்னு" என்றேன். தார் ரோட்டில் பையனே பிடித்து ஓடினான். போகும்போது ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது, "மாமா, இடது கால் படும்போது தலை எந்திரிக்குது" என்றான். விளம்பரத்தில் எழுதியிருந்ததைத் தன் கண்ணால் பார்த்துவிட்ட திருப்தி அவன் முகத்தில் இருந்தது. டாக்டர் ஒரு மணி நேரம் பார்த்தார். கண், நெஞ்சு, மூச்சு, பல். சிறுபிள்ளைகள் ஏறவும் கோயில் விசேஷத்தில் நடத்தவும் தாராளமாகப் போதும், ஓட்டப் போட்டிக்கு வேண்டாம் என்றார். அவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

பையனின் அப்பா அதுவரை பேசவே இல்லை. எழுந்து வந்து, தோளில் கிடந்த துண்டை விரித்து என் கையின்மேல் போட்டார். சந்தைப் பழக்கம். துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேரம். பக்கத்தில் நிற்பவருக்குக்கூட விலை தெரியாது. அவர் கை என் விரலைத் தேடியது.

"அண்ணே, துண்டு வேணாம்ணே. எழுதியிருக்கிறதுதான் விலை. உங்களுக்கு முன்னாடி கேட்டவங்களுக்கும் அதான் சொன்னேன்."

அவர் துண்டை எடுக்காமல் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு மகனைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஒரு வெள்ளைத் தாளில் விளம்பரத்தில் இருந்ததை எல்லாம் கையால் எழுதினேன். கீழே, பத்து நாளுக்குள் நான் எழுதாத குறை ஏதாவது கண்டால் குதிரையைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் வண்டி வாடகையையும் தருவேன் என்றும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

"வேற ஏதாச்சும் இருக்கா ராவுத்தரே?" என்றார் பெரியவர், பையனின் அப்பா.

யோசித்தேன். ஒன்று விட்டுப்போயிருந்தது. "தார்ப்பாய் காத்துல படபடன்னு அடிச்சா மிரளும்ணே. பந்தல் பக்கம் கட்டாதீங்க." அதையும் எழுதச் சொன்னார், எழுதினேன்.

என் கயிற்றை அவிழ்த்துக்கொண்டேன், அவர்கள் கொண்டுவந்த புதுக் கயிற்றைப் பையன் கட்டினான். மினி லாரியில் மணல் பரப்பி மேலே வைக்கோல் போட்டிருந்தார்கள். மைனா பலகையில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தது, அப்புறம் ஏறிக்கொண்டது. வண்டி கிளம்பும் நேரம் பெரியவர் இறங்கி வந்தார். பணம் குறைகிறதோ என்று நினைத்தேன்.

"அந்தத் தாளை இன்னொண்ணு எழுதித் தாங்க. ஒண்ணு வீட்டுல இருக்கட்டும். என் காலத்துக்கப்புறம் இவன் யாருக்காச்சும் குடுத்தான்னா, கூடவே குடுக்க ஒண்ணு வேணும்."

திண்ணையில் உட்கார்ந்து இரண்டாவது தாளையும் எழுதினேன். அவர் பக்கத்திலேயே நின்று வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார், மூன்றாவது வரி வந்ததும் ஒரு முறை வாய்விட்டுப் படித்தார்.